மூன்று நூல் இடைவெளி

அங்குலத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை ஒரு நூல் என்று சொல்வது தச்சர்களின் வழக்கம். ஐம்பத்தேழு வருஷமாக இந்த நூல் கணக்கிலேயே என் ஜீவனம் நடந்து வந்திருக்கிறது. பலகையோடு பலகை சேருமிடத்தில் அரை நூல் பிசகினாலும் அறுத்தவனைத் தொழில் தெரியாதவன் என்று ஒதுக்கிவிடும் தூத்துக்குடிக் கடற்கரைச் சம்பிரதாயத்தில் வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட எனக்கு, 71-ஆம் வயதில், சொந்த வீட்டின் மாடி அறையில், வேண்டுமென்றே மூன்று நூல் இடைவெளி விடக் கற்றுக்கொள்ளும்படி நேர்ந்தது. கற்பித்த குரு, மரத்தை நாராக அரைத்துப் பிசின் கலந்து அழுத்திச் செய்யப்பட்ட லேமினேட் பலகை. அந்தப் பலகையை யந்திரத்தின் உதவி சிறிதுமின்றிக் கைரம்பத்தால் அறுத்துப் பரப்பிய அனுபவத்தையும், அதில் நான் செய்த பிழையையும், அந்தப் பிழையைத் திருத்திய விதத்தையும், இதே வேலையைத் தம் வீட்டில் செய்ய நினைக்கும் ஒருவருக்காவது பிரயோஜனப்படும் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

என் தகப்பனார் பழைய துறைமுகத்தை ஒட்டிய கடற்கரையில் தோணி கட்டிய ஓடாவி. ஓடாவி என்னும் சொல் இப்போது ஊரில் அருகிவிட்டது. கப்பலும் தோணியும் கட்டும் தச்சரையே அந்நாளில் அப்படி அழைத்தார்கள். 1966-ஆம் வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு அவரோடு பட்டறைக்குப் போனபோது, முதல் ஆறு மாதம் என் கையில் உளி தரப்படவில்லை. தோணியின் விலாக்கட்டையான வங்குக்கு வேண்டிய வளைந்த கருவேலங்கட்டைகளையும், பக்கத்துக்கு வேண்டிய அயினிப் பலகைகளையும் சுமப்பதும், மரம் அறுப்பவர் இருவர் மேலும் கீழுமாக நின்று பெரிய வாளை இழுக்கும்போது கோடு விலகாமல் பார்த்துக்கொள்வதுமே என் வேலை. ஆறு மாதம் கழிந்த பிறகு ஒரு காலையில் தம் கைவாளை என்னிடம் கொடுத்து அறுக்கச் சொன்னார். நான் முழுப்பலத்தையும் கூட்டி அழுத்தியதைக் கண்டு என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, “ஏலே, வாள் தானாத் திங்கும், நீ ஊட்டாத. கையை அதும் மேல வச்சுக்கிட்டுச் சும்மா கூடவே போ” என்றார். அறுப்பு வேலையைப் பற்றி அதற்குப் பிறகு நான் கற்றவை அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைகளே.

தோணிப் பலகையை அறுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பலகைகளின் உட்புற விளிம்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வெளிப்புறத்தில் மட்டும், கலப்பத்து அடிக்கிறவர் பஞ்சுத் திரியை ஏற்றுவதற்கு வேண்டிய அளவு வாய் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு சீராக அறுத்துச் சேர்த்தாலும், புதிதாக நீரில் இறக்கிய தோணி முதலில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதைக் கண்டு அனுபவமில்லாதவர் பதறுவார்கள். என் தகப்பனாரோ கரையில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். உப்புநீர் ஊற ஊறப் பலகைகள் பருத்து, தோளோடு தோள் நெருக்கி, கசிவைத் தாமே அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். பலகை பருப்பதைத் துணையாகக் கொண்டே அந்தத் தொழில் நடந்தது. ஆகவே பலகையைப் பலகையோடு இறுகச் சேர்ப்பது என்பது என் கைக்கு வெறும் வழக்கமாக இல்லாமல் சுபாவமாகவே ஆகிவிட்டது. இந்தச் சுபாவமே பின்னால் என்னைப் பிழை செய்யவைத்தது என்பதால், அதை இங்கே சற்று விரிவாகச் சொன்னேன்.

இந்தக் கரையில் ரம்பத்தின் வரலாறு மிகப் பழையது. 1961-இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. சிப்பி ஏற்றிவந்த படகுகளின் நாற்றமும், கரையில் கூடிய ஜனக்கூட்டமும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. முத்து நின்ற பிறகும் சங்குக்குளிப்பு நிற்கவில்லை. இங்கே எடுத்த சங்குகள் வங்காளத்துக்குப் போய், அங்கே கைவாளால் வளையங்களாக அறுக்கப்பட்டு, மணப்பெண்களின் கைகளில் வளையல்களாக ஏறின. அதே அறுப்பு வேலை ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலேயே நடந்தது என்பதற்கு, தாமிரபரணிக்கு அருகே உள்ள கொற்கையில் 1968–69-இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கிடைத்த சங்குத் துண்டுகள் சாட்சி. சங்கு அறுப்போரை மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது. அகநானூற்றுப் பாட்டு ஒன்று, சங்கை அறுக்கும் ரம்பத்தை வாளரம் என்று பெயர் சொல்லியே அழைக்கிறது. கல்லைப் போன்ற சங்கைக் கைவலிமையாலும் பொறுமையாலும் மட்டுமே வளையம் வளையமாக அறுத்தவர்கள் வாழ்ந்த கரையில், எட்டு மில்லிமீட்டர் பலகையை அறுக்க மின்சாரம் இல்லாமல் முடியாது என்று ஒருவர் சொன்னபோது, அதை ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை.

அப்படிச் சொன்ன சந்தர்ப்பத்தை விளக்க வேண்டும். 1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு மறு வருஷம், பனிமய மாதா கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு மாடி அறை ஒன்றைக் கட்டினோம். சிவப்புச் சிமெண்டுத் தரை. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு வாசல், ஒன்று படிக்கட்டுக்கும் மற்றொன்று மொட்டை மாடிக்கும். ஐம்பது வருஷத்தில் தரை வெடித்து, பல இடங்களில் பொரிந்துவிட்டது. மூட்டுவலியால் அவதிப்படும் என் மனைவி விடியற்காலையில் அந்தத் தரையில் கால் வைக்கவே அஞ்சினாள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், தான் குடியிருக்கும் வீட்டில் கண்ட லேமினேட் தரையைத் தாய்க்கும் போட்டுக் கொடுக்க விரும்பி, 2023 ஜூலையில் பலகைகளை வாங்கி அனுப்பிவிட்டான். பரப்ப வந்தவர் வட்ட ரம்ப யந்திரத்தை அறைக்குள்ளேயே வைத்து அறுக்க வேண்டியிருக்கும் என்றார். அந்த யந்திரம் கிளப்பும் மெல்லிய தூள், பிசின் கலந்த தூள். என் மனைவிக்கோ பல வருஷமாக இளைப்பு நோய். “ஏங்க, உங்க கையில ரம்பம் இல்லையா?” என்று அவள் கேட்டாள். அவ்வளவுதான், வந்தவரை மரியாதையாக அனுப்பிவிட்டு, வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

ஒரு பொருளை அறுக்குமுன் அது இன்னதென்று அறிந்துகொள்வது தொழில் தர்மம். தேக்கைப் பார்த்தால் அதன் ரேகை ஓடும் திசை தெரியும். லேமினேட் பலகையின் மேல் தெரியும் ரேகையோ காகிதத்தில் அச்சிட்ட சித்திரம். ஸ்வீடன் தேசத்துப் பெர்ஸ்டார்ப் கம்பெனி 1977-இல் உருவாக்கிய தரை இது. நான்கு அடுக்குகளை ஒன்றாக அழுத்திச் செய்கிறார்கள். அடியில் பலகை வளையாமல் சமநிலையில் நிறுத்தும் ஒரு தாள். அதன் மேல் மர நாரைப் பிசினோடு கலந்து, கன மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் எடை வரும்படி இறுக்கிய நார்ப்பலகை. அதன் மேல் மரச்சித்திரம் அச்சிட்ட தாள். எல்லாவற்றுக்கும் மேல் மெலமைன் பிசினில் அலுமினிய ஆக்ஸைடு பொடி கலந்த கண்ணாடி போன்ற பூச்சு. பலகைகளைப் பசையின்றிச் சொடுக்கிப் பூட்டும் நாக்கும் காடியும் 1990-களின் நடுப்பகுதியில் வந்தவை.

அந்த மேற்பூச்சைப் பற்றி அறிந்தபோது எனக்கு உண்டான வியப்பைச் சொல்லாமல் விட முடியவில்லை. அலுமினிய ஆக்ஸைடு என்பது நம் குருந்தக்கல்லின் சத்து. குருந்தம் என்ற நம் நாட்டுச் சொல்லே ஐரோப்பிய விஞ்ஞானிகளின் வாயில் கொரண்டம் ஆயிற்று. மாணிக்கமும் நீலமும் அதன் வண்ண வடிவங்கள். கடினத்தை அளக்கும் பத்துப் படிகளில் வைரத்துக்கு அடுத்த ஒன்பதாம் படி அதற்கு உரியது. காலங்காலமாக மணிகளைத் தீட்ட உதவிய பொடியைத்தான், செருப்புக்காலும் நாற்காலிக்காலும் தேய்க்காதபடி இந்தத் தரையின் மேல் தூவியிருக்கிறார்கள். ஆகவே இந்தப் பலகையை அறுக்கிறவன் மரத்தை அறுப்பதற்கு முன் குருந்தத்தை அறுக்கிறான். ரம்பத்தின் கூர் போவது நாரில் அன்று, தலைமயிர்க் கனமுள்ள அந்த மேற்பூச்சில்தான்.

பலகை வந்தவுடன் கட்டைப் பிரித்து அறுக்கத் தொடங்குவது தவறு. பரப்பப்போகும் அறையிலேயே, தரையில் படுக்கையாக, 48 மணி நேரமாவது கிடக்கவிட்டு, அந்த அறையின் காற்றோடு பழகவிட வேண்டும். எங்கள் அறை பன்னிரண்டு அடி நீளம், பத்தடி இரண்டங்குலம் அகலம். பலகை 1,200 மில்லிமீட்டர் நீளம், 190 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் கனம். ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட பலகை போதும் என்றாலும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குவது விவேகம். அந்த ஐந்து பலகைகள் பின்னால் என் மானத்தைக் காத்தன. அகலத்தைக் கணக்கிட்டபோது, இரு சுவரோரமும் மூன்று நூல் வீதம் கழித்து, பதினாறு முழு வரிசை போட்டது போக நாற்பது மில்லிமீட்டர் மீந்தது. ஒன்றரை அங்குலப் பட்டையைக் கடைசி வரிசையாகப் போட்டால் அது பூட்டிலும் நிற்காது, கண்ணுக்கும் பொருந்தாது. இப்படி வரும்போது மிச்சத்தோடு ஒரு முழுப்பலகையின் அகலத்தைக் கூட்டி இரண்டாகப் பகுத்து, முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் சம அகலமாக அறுத்துவிட வேண்டும். ஆகவே இரு ஓரத்திலும் 115 மில்லிமீட்டர், நடுவில் பதினைந்து முழு வரிசை என்று முடிவாயிற்று. முதல் பலகையை அறுக்குமுன் கடைசிப் பலகையின் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது தோணிக்கும் தரைக்கும் பொதுவான விதி.

முதலில் நான் எடுத்தது என் தகப்பனாரின் கைவாள். அதன் பற்கள் கைப்பிடியை நோக்கிச் சாய்ந்தவை, இழுக்கும்போது அறுக்கும். சித்திரம் மேலாக வைத்து நான்கு இழுப்பு இழுத்ததும், கோட்டின் இரு புறமும் மேற்பூச்சு மீன் செதில் போல் பெயர்ந்துவிட்டதைக் கண்டு திடுக்கிட்டேன். காரணத்தை யோசித்தேன். இழுக்கையில் பல் பலகைக்கு உள்ளிருந்து மேல்நோக்கி வெளியேறுகிறது; வெளியேறும் பக்கத்தில்தான் எந்தப் பொருளும் பெயரும். ஆகவே இழுத்து அறுக்கும் வாளானால் சித்திரம் கீழே இருக்க வேண்டும். தள்ளி அறுக்கும் ரம்பமானால் சித்திரம் மேலே இருக்க வேண்டும். கோடு கண்ணுக்கு எதிரே இருப்பதே உத்தமம் என்று, அங்குலத்துக்குப் பன்னிரண்டு பல் உள்ள, தள்ளி அறுக்கும் சிறு ரம்பத்தை எடுத்துக்கொண்டேன். பட்டறையில் பெரிய மரத்துக்கு வைத்திருந்த அங்குலத்துக்கு ஐந்தாறு பல் உள்ள ரம்பங்கள் இந்த வேலைக்கு உதவா. பல் பெரிதாக இருந்தால் பூச்சை அறுக்காது, உடைக்கும்.

அறுக்கும் முறையை வரிசையாகச் சொல்லுகிறேன். மூலைமட்டத்தை வைத்து, அறுக்கும் இடத்தில் காகித டேப் ஒட்டி, அதன் மேல் பென்சில் கோடு இழுக்க வேண்டும். டேப் பூச்சைப் பிடித்துக்கொள்ளும், கோடும் தெளிவாகத் தெரியும். பிறகு டைல்ஸ் கீறும் கடினமுனைக் கீறியால், மட்டத்தை நகரவிடாமல் பிடித்து, அந்தக் கோட்டின் மேலேயே நான்கைந்து முறை கீற வேண்டும். சாதாரணப் பேனாக்கத்தி ஓரிரு பலகையிலேயே மழுங்கிவிடும். பலகையின் இரு பாகத்துக்கும் அடியில் கட்டை வைத்துத் தாங்க வேண்டும். தாங்காமல் விட்டால், அறுப்பு முடியும் தறுவாயில், விழும் துண்டு தன் பாரத்தால் ஒடிந்து நல்ல பாகத்தின் மூலையையும் கிழித்துக்கொண்டு போகும். ரம்பத்தின் இரு பக்கத்திலும் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் பிசின் பிடிக்காது. இடது கட்டைவிரல் நகத்தைக் கோட்டின் கழிவுப் பக்கத்தில் ஊன்றி, ரம்பத்தை முதலில் இரண்டு முறை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பள்ளம் காட்டிக்கொண்டு, பிறகே தள்ளத் தொடங்க வேண்டும்.

கட்டை மரத்தைக் குறுக்கே அறுக்கும்போது ரம்பத்தை ஏறத்தாழ 45 பாகை சாய்த்துப் பிடிப்போம். இந்தப் பலகைக்கு அதைவிடத் தாழ்த்தி, 30 பாகை அளவில், கிட்டத்தட்டப் படுக்கவைத்தாற்போல் பிடிக்க வேண்டும். அப்போது ஒரே சமயத்தில் பல பற்கள் பூச்சின் மேல் ஓடும், ஒரு பல்லே முழுப்பாரத்தையும் ஏற்று உடைக்காது. நீளமாக, நிதானமாக, ரம்பத்தின் முழு நீளமும் வேலை செய்யும்படி தள்ள வேண்டும். அவசரப்பட்டு அழுத்துகிறவனுக்குப் பலகை செதிலாகப் பதில் சொல்லும். என் தகப்பனாரின் வாக்கு இங்கே அவர் நினைத்திராத ஒரு பொருளில் மெய்யாயிற்று: குருந்தத்தை ஊட்டித் தின்னவைக்க முடியாது. ஒரு குறுக்கு அறுப்புக்கு இரண்டு நிமிஷம் போதும். அறுத்த முகத்தை மெல்லிய அரத்தால், சித்திரப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி மட்டும், இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் ஓரம் சுத்தமாகிவிடும். பத்துப் பன்னிரண்டு அறுப்புக்கு ஒரு முறை முக்கோண அரத்தால் பல் தீட்டினேன். தீட்ட முடியாதபடி பல்லுக்குக் கடினம் ஏற்றிய ரம்பம் வைத்திருப்பவர் ரம்பத்தையே மாற்ற வேண்டியதுதான். தூளைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். மொட்டை மாடியில், காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தே அறுத்தேன். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தூளை அள்ளிக்கொண்டு கடலுக்குப் போயிற்று.

வரிசையின் கடைசித் துண்டை அளவெடுக்க அளவுநாடாவே தேவையில்லை. பலகையைத் தலைமாற்றித் திருப்பி, சுவரோரம் வைத்த மூன்று நூல் ஆப்பில் அதன் நுனியை முட்டவைத்து, முந்தின பலகை முடியும் இடத்தில் குறியிட்டால் போதும். மிஞ்சிய துண்டு ஓரடிக்குக் குறையாமல் இருந்தால் அடுத்த வரிசையை அதைக்கொண்டே தொடங்கலாம். அப்போது இணைப்புகள் நேருக்கு நேர் வராமல் தாமே விலகி நிற்கும். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் வேண்டிய நீளவாட்டு அறுப்புத்தான் கடினம். இரண்டு வரிசையும் சேர்ந்து இருபத்துநான்கு அடி. பழைய சுண்ணாம்புச் சுவர் ஒருபோதும் நேராக இராது என்பதால், அரையடிக்கு ஒரு முறை அகலத்தை அளந்து புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டேன். பேத்தி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். “தாத்தா, சத்தமே வரலையே, அறுக்குதா?” என்று அவள் கேட்டது, எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் உயர்ந்தது.

இனி, பிழைக்கு வருகிறேன். அந்த அறையின் இரண்டு வாசல்களுக்கும் நிலை செய்தவர் என் தகப்பனார். 1975-இல், ஒரு தோணிக்கு வாங்கியதில் மிஞ்சிய பர்மாத் தேக்கில், கீழ்ப்படிக்கட்டை இல்லாமல் இரு கால்களும் தரையில் ஊன்றும்படி அவற்றைச் செய்தார்; கூட நின்று இழைப்புளி பிடித்தவன் நான். பர்மா அரசாங்கம் 2014-இல் உருட்டுமர ஏற்றுமதியையே தடை செய்துவிட்டது. அப்படிப்பட்ட மரம் இனி கண்ணில் படுவதும் அரிது. லேமினேட் பரப்பும் முறையில், நிலைக்காலின் அடியைப் பலகைக் கனத்துக்கு அறுத்துவிட்டு, பலகையை அதன் கீழே நுழைக்க வேண்டும் என்பது விதி. சுவரோர இடைவெளியை ஸ்கர்ட்டிங் பட்டை மறைக்கும். வாசலின் நடுவே உள்ள இடைவெளியை உலோகப் பட்டை மறைக்கும். நிலைக்காலைச் சுற்றி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தகப்பனார் செய்த நிலையில் ரம்பம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, நான்கு கால்களின் வடிவத்தையும் அட்டையில் வெட்டி, அதைப் பலகையில் இறக்கி, சிறு ரம்பத்தாலும் உளியாலும் அரத்தாலும் மயிரிழை நுழையாதபடி பலகையை நிலைக்கால்களோடு சேர்த்தேன். ஓடாவியின் மகன் என்ற கர்வம் அந்த நான்கு மூலைகளிலும் இருந்தது. ஜூலை 26 அன்று மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன் வேலை முடிந்தது. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒவ்வொருவரும் குனிந்து அந்த மூலைகளைத் தடவிப் பார்த்து மெச்சினார்கள்.

வறண்ட கச்சான் நின்று, ஐப்பசியில் வாடைக்காற்றும் மழையும் வந்தன. கார்த்திகை பிறந்த சில தினங்களில், இரு வாசல்களுக்கும் நடுவே தரை மெல்ல உயர்ந்து, காலடியில் அமுங்கி எழும்பும் ஒரு மேடு உண்டாயிற்று. மனைவி தடுக்கி விழப் பார்த்தாள். டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த பெருமழையில் ஊரே மூழ்கியபோது, எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்திலும் முழங்கால் அளவு நீர் நின்றது, மின்சாரம் இல்லை, அண்டை வீட்டார் உட்படப் பதினோரு பேர் அந்த மேட்டின் இரு பக்கத்திலும் படுத்துப் பொழுதைக் கழித்தோம். நீர் வடிந்த பிறகு, பக்கத்துத் தெருவில் கீழ்த்தளத்தில் லேமினேட் போட்டிருந்த ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தேன். பலகைகள் தண்ணீரில் ஊறிய ரொட்டி போல் ஓரம் உப்பி, சித்திரத்தாள் உரிந்து கிடந்தன. அவை உலர்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பமாட்டா. நார் ஒரு முறை பிசினைவிட்டு விலகினால் விலகியதே. தேங்கிய நீர் இந்தப் பலகைக்கு மரணம் என்றால், காற்றில் உள்ள ஈரம் அதற்கு மூச்சு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இரவெல்லாம் அதே சிந்தனை. தோணிப் பலகையும் பருக்கிறது. தரைப் பலகையும் பருக்கிறது. தோணிப் பலகை அடிக்கட்டையான ஏராவோடும் வங்கோடும் ஆணியால் கட்டுண்டு நிற்பதால், பருப்பு முழுவதும் இணைப்பை இறுக்குவதில் செலவாகிறது. அந்த இறுக்கமே தோணிக்கு உயிர். தரையோ எதிலும் கட்டுண்டதன்று. பூட்டுகளால் ஒரே பாயாகி, மெல்லிய ஃபோம் விரிப்பின் மேல் சும்மா கிடக்கிறது. மீட்டருக்கு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்தாலும், பத்தடி அறையில் அது ஒரு நூலோ அதற்குச் சற்று மேலோ ஆகும். அந்த ஒரு நூலுக்கு ஓரத்தில் இடமிருந்தால் பாய் சத்தமின்றி நகரும்; இல்லையேல் மேலே எழும். சுவரோரமெல்லாம் மூன்று நூல் விட்டும் எனக்குப் பயன்படவில்லை. எதிரெதிராக நின்ற நான்கு நிலைக்கால்களுக்கிடையில், என் மயிரிழைப் பொருத்தத்தால், தரையை நானே சிறைப்படுத்தியிருந்தேன். என் கை ஐம்பது வருஷமாகக் கற்ற நல்ல பாடம் ஒன்றே அங்கே தீமை செய்தது. கை தான் கற்றதைத்தான் செய்யும். இது எந்தப் பொருள் என்று ஒவ்வொரு முறையும் அதற்கு எடுத்துச் சொல்ல வேண்டியது புத்தியின் கடமை. நான் அந்தக் கடமையில் தவறினேன்.

2024 பிப்ரவரியில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொரு பலகையாகச் சாய்த்துப் பூட்டை விடுவித்து, தரையை அடுக்கி வைத்தேன். பிறகு ஒரு துண்டுப் பலகையை ஃபோம் விரிப்பின் மேல் வைத்து நிலைக்காலோடு சேர்த்து, அந்தத் துண்டையே படுகையாகக் கொண்டு, ரம்பத்தை அதன் மேல் படுக்கவைத்தேன். எட்டு மில்லிமீட்டர் பலகையும் இரண்டு மில்லிமீட்டர் விரிப்பும் சேர்ந்த உயரம், மூன்று நூலுக்குச் சற்று மேல். உள்ளே போக வேண்டிய ஆழம் ஆறு நூல்: மூன்று நூல் பலகை ஒளிந்துகொள்ள, மூன்று நூல் அதற்கு அப்பால் வெறுமையாகக் கிடக்க. முதல் தள்ளலில் கை நடுங்கியது. இரண்டாவது தள்ளலில், நாற்பத்தொன்பது வருஷம் வர்ணத்துக்குள் மூடிக் கிடந்த பர்மாத் தேக்கின் மணம், பட்டறையில் வீசியதைப் போலவே எழுந்தது. மனைவி கட்டிலிலிருந்தே, “மாமா வாசம்” என்றாள். தகப்பனார் அந்த மணத்தோடுதான் ஒவ்வொரு மாலையும் வீடு திரும்புவார். அதன் பிறகு கை நடுங்கவில்லை. அழுத்தாமல், கூடவே போனேன். அறுத்த பாகத்தை உளியால் எடுத்துவிட்டு, குடைந்த முகத்துக்கு ஈரமும் கரையானும் அண்டாதபடி வார்னிஷ் தடவி, கூடுதலாக வாங்கியிருந்த ஐந்து பலகைகளில் நான்கை அளந்தறுத்து, பழைய மூலைப் பலகைகளுக்குப் பதிலாக நிலைக்கால்களின் கீழே நுழைத்தேன்.

வேலை முடிந்ததும், மொட்டை மாடி வாசலில், பலகை நிலைக்காலுக்குள் மறையும் ஓரத்தில் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்தேன். அவ்வருஷம் கார்த்திகையில் குனிந்து பார்த்தபோது கோடு இல்லை. பலகை வளர்ந்து, கோட்டோடு தேக்கின் அடியில் போய் ஒதுங்கியிருந்தது. மறு ஆனியில் கச்சான் அடிக்கத் தொடங்கியதும் கோடு மீண்டும் வெளியே வந்து நின்றது. தரை மட்டமாக இருக்கிறது. மனைவி விடியற்காலையில் அதன் மேல் அச்சமின்றி நடக்கிறாள். மூலைகளைத் தடவிப் பார்க்கும் விருந்தினருக்கு இப்போது மெச்சுவதற்கு ஒன்றும் தென்படுவதில்லை. தகப்பனாரின் கட்டைக்கு அடியில் நான் விட்ட மூன்று நூல், ஒருவர் கண்ணிலும் படாமல், மழைக்கும் வெயிலுக்கும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.